என் பையனை எப்போது இறக்குவார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பெங்களூருவில் பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சி பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்தான்: டீமில் பேர் இருக்கிறது, மேட்ச்சில் இடம் இல்லை. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஏப்ரலில் ஒரு கிளப்பில் செலக்‌ஷன் வைத்து எடுத்தார்கள். பயிற்சிக் கட்டணம், ஜெர்ஸி, டோர்னமென்ட் பணம் எல்லாம் தனித்தனியாகக் கட்டியாயிற்று. டீமில் 22 பிள்ளைகள். இதுவரை ஆறு மேட்ச் நடந்திருக்கிறது, அத்தனையும் சேர்த்தால்கூட என் மகன் அரை மணி நேரம் ஆடியிருக்க மாட்டான். கோச்சிடம் கேட்டால், "ஜெயிக்கிற டீமில் இருக்கிறானே மேடம், அதுவே பெரிசு" என்கிறார். அவர் சொல்வது சரியா? – ஒரு தாய், ராமமூர்த்தி நகர்

பதில்: சரியில்லை அம்மா. ஆனால் கோச்சிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள், பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும்.

பாதிக்கு 30 நிமிடம் என்றால் மேட்ச் 60 நிமிடம். களத்தில் 11 பேர். ஆக மொத்தம் 660 நிமிடம். பந்தியில் பரிமாற இருக்கிற சோறு அவ்வளவுதான். 14 பிள்ளைகள் என்றால் தலைக்கு 47 நிமிடம் வரும். 16 என்றால் 41. 18 என்றால் 37. 22 என்றால் 30. இது ஒரு நிமிடம்கூட ஏற்றத்தாழ்வு இல்லாமல் பங்கு போட்டால் வருகிற கணக்கு. போட்டிக்கு ஆடும் எந்தக் கோச்சும் அப்படிப் பங்கு போட மாட்டார், போட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. கீப்பர், நடு டிஃபென்ஸில் இரண்டு பேர், நடுக்களத்தில் மூன்று பேர், கோல் போடுகிற இரண்டு பேர் என்று ஒரு எட்டுப் பேரை அவர் வெளியே எடுக்கவே மாட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கே 480 நிமிடம் போய்விடுகிறது. மீதி 180. அதை மற்ற 14 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 13 நிமிடம்கூட வராது. இதே டீமில் 16 பேர்தான் இருந்திருந்தால், அந்த 180 நிமிடத்தை எட்டுப் பேர் பிரித்துக்கொள்வார்கள், ஆளுக்கு இருபத்திரண்டு நிமிடத்துக்குக் குறையாது. அதாவது உங்கள் மகன் பெஞ்சில் உட்கார்வது மேட்ச் அன்று முடிவான விஷயம் இல்லை. 22 பேரிடம் பணம் வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது. அந்தக் கோச் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அவரால் நியாயமாக நடக்கவே முடியாது.

கிளப் தரப்பிலும் ஒரு உண்மையான காரணம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. நம் ஊரில் சனிக்கிழமை காலை மேட்ச் என்றால் ஒருவனுக்கு யூனிட் டெஸ்ட், இன்னொருவனுக்குக் காய்ச்சல், தீபாவளி வந்தால் நாலு குடும்பம் ஒரு வாரம் முன்பே ஊருக்கு ரயிலேறிவிடும். ஒரு மேட்ச்சுக்கு ஒன்பது பேரோடு போய் நின்றிருக்கிறேன். ஒரு பக்கம் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தையே தொடங்கக்கூடாது என்பது விதி. அதனால் 11-க்கு மேல் நாலைந்து பேர் கூடுதலாக வேண்டும்தான். ஆனால் 11-க்கு 22 என்பது காய்ச்சலுக்காக எடுத்த ஆட்கள் இல்லை அம்மா, கட்டணத்துக்காக எடுத்த ஆட்கள்.

இப்போது என்ன செய்வது? அடுத்த நாலு மேட்ச்சில் அவன் எந்த நிமிடம் இறங்கினான், எந்த நிமிடம் வெளியே வந்தான் என்று குறித்து வையுங்கள். பிறகு ஒரு பயிற்சி நாளில், மேட்ச் நாளில் வேண்டவே வேண்டாம், மற்ற பெற்றோர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். முதலில் பையனே கேட்கட்டும், 12 வயதில் அது முடியும்: "சார், நான் எதைச் சரி செய்தால் இன்னும் கொஞ்ச நேரம் இறக்குவீங்க?" பதிலாகக் கோச் குறிப்பாக இரண்டு விஷயம் சொன்னால், உதாரணமாக "இடது காலால் பாஸ் வரணும், பந்து போனதும் நின்னு பாக்காம திரும்பி ஓடணும்" என்று சொன்னால், அவர் உங்கள் பையனைக் கவனித்திருக்கிறார் என்று அர்த்தம், கொஞ்சம் பொறுக்கலாம். "இன்னும் உழைக்கணும்" என்று மட்டும் சொன்னால் அவர் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: 22 பேர் இருக்கிறார்களே, இரண்டாவது டீம் ஒன்று போட்டு வேறு டோர்னமென்ட்டில் ஏன் இறக்கக்கூடாது? பல கிளப்கள் யாராவது கேட்டால்தான் இதை யோசிக்கின்றன.

அப்புறம் அந்த "ஜெயிக்கிற டீம்" பேச்சு. 12 வயதில் ஜெயிக்கிற டீம் என்பது பல நேரம் வளர்த்தியான பையன்கள் இருக்கிற டீம், அவ்வளவுதான். பிறந்த ஆண்டை வைத்துத்தான் வயதுப் பிரிவு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள், இந்த வயதில் பதினொரு மாதம் என்பது அரை அடி உயரமாகக்கூட இருக்கலாம். பல நாடுகளில் இளம் டீம்களை ஆராய்ந்தபோது ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகியிருந்தது தெரிந்தது. உங்கள் மகன் எந்த மாதம் பிறந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. அக்டோபருக்குப் பிறகு என்றால், அவன் திறமையைப் பற்றி யாரும் இப்போதே எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

கேள்வி: என் அண்ணன் நியூஜெர்சியில் இருக்கிறார். அவர் மகளுக்கு 9 வயது, கால்பந்து ஆடுகிறாள். அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் பாதி மேட்ச்சாவது ஆட விட வேண்டும் என்று விதியே இருக்கிறதாம். என் மகளுக்கும் அதே வயது, இங்கே ஒரு டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானம்) ஐந்து பேர் ஆட்டம் ஆடுகிறாள், டீமில் 11 பேர். நமக்கு ஏன் அப்படி ஒரு விதி இல்லை? – ஒரு தந்தை, பெல்லந்தூர்

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 1964-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற அமைப்பு இருக்கிறது. எல்லோரும் ஆட வேண்டும் என்பதே அதன் முதல் கொள்கை, ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம். ஆனால் அது பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கான அமைப்பு. அங்கேயும் செலக்‌ஷன் வைத்து எடுக்கிற போட்டி கிளப்கள் தனி. அவற்றில் பெரும்பாலும் எந்த உறுதியும் கிடையாது, ராமமூர்த்தி நகர்த் தாய் எழுதிய அதே புலம்பலை அங்கேயும் கேட்கலாம்.

ஆனால் அவர்கள் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள், நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான். நிமிடத்தைக் கட்டாயப்படுத்துவதற்குப் பதில் ஆட்டத்தின் அளவையும் டீமின் அளவையும் பிடித்துக் கட்டினார்கள். 2017-இலிருந்து அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் கணக்கு இப்படி: 8 வயது வரை பக்கத்துக்கு நாலு பேர், கீப்பரே கிடையாது, டீமில் அதிகபட்சம் 6 பிள்ளைகள். 10 வயது வரை ஏழு பேர் ஆட்டம், டீமில் அதிகபட்சம் 12. 12 வயது வரை ஒன்பது பேர் ஆட்டம், அதிகபட்சம் 16. அதற்குப் பிறகுதான் 11 பேர் ஆட்டம். இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏழு பேர் ஆட்டத்துக்கு 12 பிள்ளைகள் என்றால், சமமாகப் பிரித்தாலே ஆளுக்குப் பாதி மேட்ச்சுக்குமேல் வந்துவிடும். ஒன்பதுக்கு 16-உம் அப்படித்தான். கோச்சின் மனசை நம்பத் தேவையே இல்லை, எண்ணிக்கையே பார்த்துக்கொள்கிறது. இங்கிலாந்திலும் வயது ஏற ஏற ஐந்து, ஏழு, ஒன்பது, 11 என்று ஆட்டத்தைப் பெரிதாக்கும் முறை பல வருடமாக இருக்கிறது. ஜெர்மனி 2024 சீசனிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போய், மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு பேர், மூன்று பேர் ஆட்டமாக்கிவிட்டது, நாலு குட்டி கோல் போஸ்ட், வரிசைப்படி எல்லோரும் மாறி மாறி இறங்க வேண்டும்.

இங்கே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் 2018 வாக்கில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேபி லீக் தொடங்கியது, குறைந்த ஆட்கள், சின்ன மைதானம் என்ற அதே எண்ணம்தான். ஆனால் வார இறுதியில் டர்ஃபில் நடக்கிற பெரும்பாலான போட்டிகள் தனியார் ஏற்பாடு. நடத்துகிறவர் எழுதுவதே விதி. டர்ஃபை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை தலை அடங்குகிறதோ அவ்வளவுக்குச் செலவு குறையும். ஐந்து பேர் ஆட்டத்துக்கு 11 பிள்ளைகள் வந்தது அப்படித்தான்.

ஒன்பது வயதுப் பெண் குழந்தை கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க எந்தக் காரணமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. 12 வயதுக்குள் பாதி ஆட்டம் என்பது எழுதப்பட்ட விதியாகவே இருக்க வேண்டும், அது எவ்வளவு பெரிய கோப்பையாக இருந்தாலும் சரி. நீங்களும் இன்னும் இரண்டு மூன்று பெற்றோரும் சேர்ந்து கேளுங்கள்: 11 பேரை ஐந்தும் ஆறுமாக இரண்டு டீமாகப் பிரியுங்கள், நுழைவுக் கட்டணம் இன்னொன்று கட்டுகிறோம் என்று. ஒரு டீமில் மாற்று ஆளே (சப்) இல்லை, இன்னொன்றில் ஒரே ஒரு சப். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது பிள்ளை வேர்த்து விறுவிறுத்து வருவாள்.

கேள்வி: நாங்கள் ஆடின காலத்தில் சப் என்ற பேச்சே இல்லை. பதினொரு பேரில் இடம் கிடைத்தால் ஆடுவோம், இல்லாவிட்டால் கை தட்டுவோம். இப்போதைய பெற்றோர் பத்து நிமிடம் குறைந்ததற்கெல்லாம் கடிதம் எழுதுகிறார்கள். பிள்ளைகளைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று தோன்றவில்லையா? – ஒரு தாத்தா, அல்சூர்

பதில்: ஐயா, பீலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள், உங்களிடம் பேசுவதே சந்தோஷம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக நமக்குக் கோல் போட்டவர் பெங்களூருக்காரரான எஸ். ராமன். அன்றைக்கு இறங்கின 11 பேர்தான் கடைசி விசில் வரை. உலகக் கோப்பையில் சப் வந்ததே 1970-இல். ஐந்து சப் என்பது 2020-இல் கொரோனா நேரத்து ஏற்பாடாக வந்து, 2022-இல் நிரந்தரமானது. நீங்கள் சொல்வது வரலாற்றுப்படி சரி.

ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்தப் பதினொன்றில் இடம் கிடைக்காத பையன் அன்று சாயங்காலமே தெருவில் இருட்டும் வரை ஆடினான், மறுநாளும் ஆடினான். மேட்ச் போனாலும் பந்து அவன் காலைவிட்டுப் போகவில்லை. இன்றைக்குப் பையனுக்குத் தெருவில் இடம் இல்லை, அபார்ட்மென்ட்டில் "பந்து விளையாடக்கூடாது" என்று பலகை மாட்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பயிற்சி, ஒரு மேட்ச், அவ்வளவுதான் அவனுடைய கால்பந்து. அதிலும் மேட்ச்சை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அதனால்தான் பெஞ்ச் இவர்களுக்கு இவ்வளவு வலிக்கிறது. செல்லம் காரணம் இல்லை ஐயா.

கேள்வி: அண்ணா, நான் ஒன்பதாவது படிக்கிறேன். ரைட் பேக், அதாவது வலது பக்க டிஃபென்ஸ். எங்க டீமில் 18 பேர். எனக்கு முன்னால் இருக்கிறவன் உண்மையிலேயே நல்லா ஆடுறான், அதனால் எனக்குக் கடைசி 10 நிமிஷம்தான் கிடைக்குது. பக்கத்து ஏரியாவில் ஒரு சின்ன டீம் கூப்பிடுறாங்க, அங்கே முழு மேட்ச் ஆடலாம். ஆனா அவங்க தோத்துக்கிட்டே இருப்பாங்க. போகலாமா? – ஆஸ்டின் டவுன்

பதில்: தம்பி, முன்னால் இருக்கிறவன் நல்லா ஆடுறான்னு நீயே எழுதியிருக்கிறாய் பார், அந்த நேர்மைக்கே உனக்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளையின் கதை வேறு, உன் கதை வேறு. 14 வயதில், செலக்‌ஷன் வைத்த டீமில், நன்றாக ஆடுகிறவனுக்கு அதிக நேரம் கிடைப்பது தப்பில்லை. 18 பேர் என்பதும் அநியாயமான எண்ணிக்கை இல்லை. அதனால் உன் கோச் மேல் கோபப்படாதே. ஆனால் கணக்கு மட்டும் பார். சீசனுக்கு 20 மேட்ச் என்று வைத்துக்கொண்டால், இங்கே 10 நிமிஷமாக உனக்கு 200 நிமிஷம், அங்கே 60 நிமிஷமாக 1,200. ஆறு மடங்கு. அதோடு தோற்கிற டீமில் ரைட் பேக்குக்குத்தான் வேலையே அதிகம், எதிராளி வந்துகொண்டே இருப்பான், ஒருவனை ஒருவனாக நிறுத்தக் கற்றுக்கொள்வாய். ஜெயிக்கிற டீமில் கடைசி 10 நிமிஷம் மூன்று கோல் முன்னால் இருக்கும்போது இறங்கினால் பந்தே உன் பக்கம் வராது.

போ என்றுதான் சொல்வேன். ஆனால் மூன்று விஷயம் பார்த்துவிட்டுப் போ. அந்தச் சின்ன டீமில் வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, யார் சொல்லித் தருகிறார், மேட்ச் அன்று மட்டும் கூடுகிற கூட்டமா என்று விசாரி. மேட்ச் மட்டும் ஆடி, பயிற்சி இல்லாமல் போனால் கணக்குத் தலைகீழாகிவிடும். இரண்டாவது, இப்போதைய கிளப்பின் பேரில் லீக்கில் உன்னைப் பதிவு செய்திருந்தால் நடுவில் மாற முடியாமல் போகலாம், முறையாக விடுவிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பாவைக் கூட்டிப்போய்க் கேள். எப்படியும் இந்த சீசனை முடித்துவிட்டுப் போவதுதான் மரியாதை. மூன்றாவது, போவதற்கு முன் கோச்சிடம் லெஃப்ட் பேக் ஆடிப் பார்க்கலாமா என்று கேள். வலது காலுக்காரன் இடது பக்கம் நிற்கப் பழகினால் 18 பேரில் உன் இடமே மாறிவிடலாம், கடிதம் எழுதின வேலையும் மிச்சம்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு நானே கோச். 11 வயது டீம், ஒன்பது பேர் ஆட்டம், 14 பிள்ளைகள். ஒவ்வொரு மேட்ச்சுக்குப் பிறகும் யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஜெயிக்கவும் வேண்டும், யாரும் மனம் நோகவும் கூடாது. எப்படி மாற்றி மாற்றி இறக்குவது? – ஒயிட்ஃபீல்ட்

பதில்: 14 அருமையான எண்ணிக்கை, அதற்கே உங்களுக்கு நன்றி. தயவுசெய்து யார் கெஞ்சினாலும் பதினைந்தாவதைச் சேர்க்காதீர்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முதன்முதலில் ஒரு டீமைப் பார்த்துக்கொண்டபோது யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, 20 பையன்களைச் சேர்த்துவிட்டேன். அந்த வருடம் மழை விடவே இல்லை, மைதானம் முழுக்கச் செம்மண் சேறு. கடைசி மேட்ச் முடிந்து ஜெர்ஸிகளைத் திரும்ப வாங்கும்போது எல்லாம் முழங்கை வரை கறை, துவைத்தும் போகவில்லை. ஒன்று மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி வெள்ளையாக இருந்தது, மடிப்புகூடக் கலையவில்லை. அந்தப் பையன் ஒரு மேட்ச் தவறாமல் வந்தவன், எல்லோருக்கும் முன்னால் வந்து கோன் வைத்தவன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த சீசன் அவன் வரவில்லை. அன்றையிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டு வேலை இவ்வளவுதான். இரண்டு கீப்பர், ஆளுக்கு ஒரு பாதி. மீதி 12 பேரை நாலு நாலாக மூன்று கூட்டமாக்குங்கள். நன்றாக ஆடுகிறவர்களை ஒரே கூட்டத்தில் போடாமல் மூன்றிலும் பிரித்துப் போடுங்கள், இதுதான் ஜெயிப்பதற்கான வழியும். 60 நிமிடத்தை ஆறு பத்தாக வெட்டுங்கள். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கூட்டம் வெளியே, இரண்டு கூட்டம் உள்ளே. மேட்ச் முடியும்போது 12 பேரும் தலைக்கு 40 நிமிடம் ஆடியிருப்பார்கள். வெளியே வந்தவன் திரும்ப இறங்கலாமா என்றால், பிள்ளைகள் ஆட்டத்தில் சர்வதேச விதியே அதற்கு இடம் தருகிறது, ஆனால் அந்தப் போட்டியை நடத்துகிறவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம். தொடக்கப் பதினொன்றைப்போலத் தொடக்க ஒன்பதுக்கும் ஒரு பெருமை இருக்கிறது, அதனால் எந்தக் கூட்டம் முதலில் உட்கார்கிறது என்பதை மேட்ச்சுக்கு மேட்ச் மாற்றுங்கள். அதேபோலக் கடைசிப் பத்து நிமிடம் எப்போதும் ஒரே கூட்டம் களத்தில் நிற்கக்கூடாது. ஸ்கோர் சமமாக இருக்கும்போது இறக்கப்படாத பையனுக்கு 40 நிமிடக் கணக்கு எந்த ஆறுதலும் தராது, தன்னை நம்பவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி இதைப் பென்சிலில் எழுதுங்கள், பேனாவில் வேண்டாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எப்படியும் ஒரு அம்மா போன் செய்வார், ராத்திரியிலிருந்து காய்ச்சல் என்று. அழித்து எழுத வேண்டியிருக்கும். மேட்ச் முடிந்ததும் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டுவிடுங்கள்.